வரைபடம் யாருடையது?

விளையாட்டுப் பொருளைப் பற்றி எழுதுவது சமுதாயச் சிந்தனைக்கு உரிய பணிதானா என்று சிலர் ஐயுறக்கூடும். குழந்தையின் கையிலுள்ள பொருளை அற்பமெனக் கருதுவோர், அக்கையே நாளை கவ்வாத்துக் கத்தியையும் வாக்குச் சீட்டையும் பிடிக்கப்போகும் கை என்பதை மறந்துவிடுகின்றனர். ஆதலின் சிறியதொரு செய்கையிலிருந்தே நம் ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

துளையிட்ட தகட்டுப் பட்டைகளும் திருகாணிகளும் கொண்ட ஒரு பெட்டி. அதன் மேல் ஓர் ஆகாய விமானத்தின் படம். உள்ளே, எந்தத் துண்டை எதனோடு பொருத்தவேண்டும் என்று படிப்படியாகக் காட்டும் சிறு நூல். சிறுவன் ஒருவன் அந்நூலைப் பார்த்து விமானத்தைக் கட்டி முடிக்கின்றான். எல்லோரும் பாராட்டுகின்றனர். மறுநாள் அவனே அதைக் கழற்றி, பெட்டியின் படத்தில் இல்லாத வேறொரு விமானத்தைக் கட்டுகின்றான். நேற்றுப் பாராட்டியவர்கள் இன்று, “நல்லா இருந்ததைக் கெடுத்துப்போட்டாயே!” என்று கடிந்துகொள்கின்றனர்.

அவன் செய்தது கெடுத்தலா, ஆக்கலா? முதல் விமானம் சரியானது, இரண்டாவது பிழையானது என்று சொல்வதற்கு அளவுகோல் யாது? அத்துண்டுகள் எந்த உருவம் பெறவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? இக்கேள்விகளை விளையாட்டோடு விட்டுவிட முடியாது என்பதே நம் கருத்து.

முதலில் அப்பெட்டியின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். லிவர்ப்பூல் நகரில், இறைச்சி இறக்குமதி செய்த வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதி வாழ்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர், தம் புதல்வர்களுக்காகத் தகட்டை வெட்டிப் பொம்மைப் பொறிகள் செய்துவந்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியே துண்டுகள் வெட்டவேண்டியிருந்தது. ஒன்றுக்கு வெட்டியது மற்றொன்றுக்கு உதவவில்லை. எல்லாப் பட்டைகளிலும் அரை அங்குல இடைவெளியில் ஒரே அளவான துளைகள் இருக்குமானால், எந்தப் பட்டையையும் எதனோடும் இணைக்கலாம், மீண்டும் பிரிக்கலாம் என்பது அவர் கண்ட உண்மை. 1901இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் உலகெங்கும் ‘மெக்கானோ’ எனப் பெயர்பெற்ற பொருள் அதுவே. 1931இல் விமானம் கட்டுவதற்கென்றே தனிப் பெட்டிகள் வெளிவந்தன. ஒரே பெட்டியின் துண்டுகளைக்கொண்டு ஒற்றைச் சிறகு விமானமும் கட்டலாம். அதைக் கழற்றி இரட்டைச் சிறகு விமானமும் கட்டலாம்.

டென்மார்க் நாட்டு ‘லெகோ’க் கட்டைகள் இன்றைய வடிவில் காப்புரிமைக்குப் பதிவானது 1958இல். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றை 915,103,765 வகையாக இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். ஆறு கட்டைக்கே இத்தனை கோடி வழிகள்! பெட்டியின் மேலட்டையிலோ ஒரு படம். ஆகவே, கழற்றி வேறு செய்வது அப்பொருளுக்கு இழைக்கும் துரோகம் ஆகாது. அப்பொருள் பிறந்த காரணமே அதுதான். கழற்ற வேண்டாமென்றால் திருகாணி எதற்கு? பசை போதுமே!

நாம் கற்பிப்பது இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு. ஒரு நல்ல பெட்டியின் விலை, கொழுந்து கொய்யும் தாயின் பல நாட் சம்பளத்துக்குச் சமம். அந்நாட்சம்பளம் 1000 ரூபாவாவதற்கே 2021ஆம் ஆண்டுவரை ஓயாத போராட்டம் வேண்டியிருந்ததை வாசகர் அறிவர். எனவே நம் மாணாக்கர் கையில் அத்தகைய பெட்டி சேர்வது நன்கொடையாக வரும்போதுதான். அப்படி வந்த ஒன்றைக்கொண்டு வகுப்பினர் விமானம் கட்டினர். சில நாட்களின் பின் மாணவி ஒருத்தி அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, தகடுகளை வளைத்து இரு நீண்ட மிதவைகள் பூட்டியிருந்தாள். ஏனென்று கேட்டோம். “நம்ம மலையில பிளேன் எறங்கத் தரை ஏது சேர்? வெள்ளம் வந்தா கீழ எல்லாம் தண்ணிதானே. தண்ணியில எறங்குற மாதிரி செஞ்சேன்” என்றாள்.

2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்ததையும், மலைச்சரிவுகள் இடிந்து உயிர்கள் மாண்டதையும் அறிந்தவர்க்கு அவ்விடையின் பொருள் விளங்கும். இரண்டாம் உலகப் போரின்போது, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவியில் பறக்கும் படகுகள் இறங்கி ஏறிய வரலாறு அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தன் ஊரின் தேவை. அத்தேவைக்கு ஏற்ப உருவத்தை மாற்றினாள். மிதவைகள் ஏறியதும் பாரம் முன்புறம் சாய்ந்தது. சிறகின் அடியில் இரு விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்து, விமானம் சமநிலை கொள்ளும்வரை சிறகைத் துளை துளையாக முன்னே நகர்த்தினாள். விருப்பம்போல் மாற்றுவதற்கும் ஒரு விதி உண்டு, எடையும் சமநிலையும் எவருடைய விருப்பத்துக்கும் வளையமாட்டா என்பதை அவள் விரல்களே அவளுக்குக் கற்பித்தன.

இங்கே ஒரு பழைய தத்துவக் கேள்வி எழுகின்றது. சக்கரமுள்ள முதல் விமானமும் மிதவையுள்ள இரண்டாவதும் பெரும்பாலும் ஒரே துண்டுகளால் ஆனவை. அப்படியாயின் ‘விமானம்’ என்பது எங்கே இருந்தது? பௌத்தர் போற்றும் மிலிந்த பஞ்ஞத்தில் நாகசேனத் தேரர் கிரேக்க மன்னன் மிலிந்தனை நோக்கி இத்தகைய கேள்வியையே கேட்கின்றார். அச்சு தேராகுமா? சக்கரம் தேராகுமா? நுகம் தேராகுமா? எதுவும் ஆகாது; உறுப்புகள் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்று மன்னன் ஒப்புக்கொள்கின்றான். ‘நான்’ என்று நிலையான ஒன்றில்லை என்பதை நிறுவுதற்கு அவ்வுவமை பயன்பட்டது.

அவ்வாதத்தின் கூர்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதில் கேட்கப்படாத கேள்வி ஒன்று எஞ்சி நிற்கின்றது. உறுப்புகள் தாமாகக் கூடுவதில்லை. கூட்டியவன் ஒருவன் உளன். அவன் ஒரு நோக்கத்தோடு கூட்டினான். தேர் எது என்று கேட்டாயிற்று. அது யாரை ஏற்றிக்கொண்டு, எங்கே போகின்றது? சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியை எண்ணிப் பாருங்கள். விசையைத் திருப்பினால் வானில் ஏறும். மாற்றித் திருப்பினால் இறங்கும். கட்டியங்காரன் அரண்மனையை முற்றுகையிட்ட வேளையில், கருவுற்றிருந்த விசயையை அது சுமந்து சென்று சுடுகாட்டில் இறக்கியது. அப்பொறியின் அமைப்பே அதன் நோக்கத்தைச் சொல்கின்றது: அரச குலத்தின் வாரிசைக் காப்பதற்கென்று அமைந்தது அது. உருவம் என்பது உறைந்துபோன நோக்கம். துண்டுகளில் அது இல்லை. துண்டுகளைக் கூட்டிய மனத்தில் இருந்தது.

உருவத்தின் பிறப்பிடம் மனித நோக்கமென்றால், உருவத்துக்கு மனிதனே பொறுப்பாளி. இப்பொறுப்பு எத்தகையது என்பதை நம் நாட்டின் வானமே காட்டியிருக்கின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது ‘டகோட்டா’ விமானங்கள் படைவீரரையும் தளவாடங்களையும் ஏற்றுவதற்கென்று பத்தாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. 1944இல் நோர்மண்டியில் படைவீரர் குதித்தது அவற்றிலிருந்துதான். போர் ஓய்ந்தது. அதே விமானங்களுக்குள் பயணிகளின் ஆசனங்கள் பொருத்தப்பட்டு, உலகின் பல நாடுகளில் பொதுமக்கள் பயணம் செய்தனர். எயார் சிலோன் நிறுவனமும் 1947இல் மூன்று டகோட்டாக்களுடனேயே தொடங்கிற்று. சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி என்பன அவற்றின் பெயர்கள். 1947 டிசெம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதற் பயணம் நடைபெற்றது. போருக்கென வார்த்த இரும்பு, உறவினரைக் காணச் செல்வோரின் வாகனமாயிற்று. கழற்றிக் கட்டுதலின் மாண்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் அதே வானம் இதற்கு எதிர்மாறானதையும் கண்டது. சீனாவில் பயணிகளுக்கும் சரக்குக்குமென வடிவமைத்த வை-12 விமானங்களில், உள்நாட்டுப் போரின்போது குண்டு தாங்கிகள் பூட்டப்பட்டன. அவை வடக்கில் குண்டு பொழிந்தன. செக் நாட்டில் பயிற்சிக்கும் சுற்றுலாவுக்குமென உருவான ஸ்லின்-143 என்னும் சிறு விமானத்தின் அடியில் மறுதரப்பார் குண்டு பூட்டினர். 2007 மார்ச் 26ஆம் நாள் கட்டுநாயக்கா தாக்கப்பட்டது. இரு தரப்பாரிடமும் திறமை இருந்தது. திருப்புளி பிடிக்கும் கை இரு பக்கத்திலும் நடுங்கவில்லை. மாற்றிக் கட்டும் ஆற்றலைப் படைப்பாற்றல் என்று வெறுமனே போற்றிவிட்டால், இவற்றையும் போற்றவேண்டிவரும். எனவே ஆற்றலை மட்டும் கற்பித்தல் போதாது. ‘எதற்காக?’ என்ற கேள்வியையும் அதனோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். மிதவை பூட்டிய மாணவியிடம் அவ்விடை ஆயத்தமாக இருந்தது. படித்த பொறியியலாளர் பலரிடம் அது இருந்ததில்லை.

இனி, நம்மை மறுத்துரைப்போரின் வாதத்தையும் கேட்போம். “நூலில் உள்ளபடி கட்டுவது ஒழுங்கைக் கற்பிக்கின்றது. ஒழுங்கைக் கல்லாதவன் புதுமை செய்யப் புறப்பட்டால் எஞ்சுவது குப்பைதான்” என்பர். இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. முதல் விமானத்தைக் கட்டியிராவிட்டால் அம்மாணவிக்கு இரண்டாவது வாய்த்திராது. திருகாணியைக் கழற்றுதல் வேறு, பட்டையை முறித்தல் வேறு. கழற்றுகிறவன் ஒவ்வொரு துண்டையும் மதிக்கின்றான். முறிக்கிறவன் எதையும் மதிப்பதில்லை. மரபைக் கல்லாமலே மரபை எதிர்ப்போருக்கும் இது பொருந்தும்.

ஆயினும் மறுபாதியை நாம் ஏற்பதற்கில்லை. நம் பாடசாலைகளில் நூல்படி கட்டுவதோடு கல்வி முடிந்துவிடுகின்றது. முன்னைய ஆண்டுகளின் வினாத்தாள், அதற்கு எழுதிவைத்த மாதிரி விடை, அதை மனனம் செய்யும் பிள்ளை. இதுவே பெட்டி, இதுவே படம். கழற்றிப் பார்க்கும் பருவம் வருவதேயில்லை. கற்ற ஒழுங்கு கருவியாக மாறாமல் பழக்கமாக இறுகிவிடுகின்றது. அவ்வாறு வளர்ந்தவன் பின்னர் தொழிற்சாலையிலும் காரியாலயத்திலும் பிறர் வரைந்த படத்தின் கோடுகளையே நியதி என்று நம்புவான். ஆளுவோருக்கு இதைவிட வசதியான குடிமகன் கிடைப்பது அரிது.

வழியில்லாமற் போய்விடவில்லை. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், ஓசங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் 1972இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், பிள்ளைகள் தாமே செய்து பார்த்துக் கற்பதை அடிப்படையாகக் கொண்டது. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அரவிந்த் குப்தா அதனோடு தொடர்புகொண்டு, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாயின் சிறு துண்டுகளையும்கொண்டு ஏழையின் மெக்கானோவை உருவாக்கினார். குழாய்த் துண்டு மூட்டு, தீக்குச்சி சட்டம். முக்கோணம் ஏன் அசையாது, சதுரம் ஏன் சரியும் என்பதைச் சில சதச் செலவில் எந்தப் பிள்ளையும் கண்டுகொள்ளலாம். அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. தீக்குச்சியை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. பெட்டிக்குக் காத்திராமல் நம் தோட்டப் பாடசாலைகளிலும் நாளையே தொடங்கத்தக்க பணி இது.

இதுவரை துண்டுகளைப் பற்றிப் பேசினோம். மனிதரைத் துண்டுகளாக்கி வரைந்த வரைபடம் ஒன்று நம் மண்ணில் உண்டு. அதைச் சொல்லாமல் இவ்வாராய்ச்சி நிறைவுறாது.

ஹார்ன்பி தகட்டில் துளையிட்ட அதே காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளிக்கு ஒரு தகரச் சீட்டு வழங்கப்பட்டது. அதில் அவன் போய்ச் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. எந்தத் துண்டு எங்கே பொருந்தவேண்டும் என்று காட்டும் குறி அது. தோட்டத்தில் அவன் கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அத்துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அவன் கைமாறினான். 1921இல் சட்டம் அதனை ஒழிக்கும்வரை, மனிதனுக்கும் துண்டுக்கும் இடையே கங்காணியின் கணக்கில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ஒப்பந்தத்தின் கணக்கு 975,000 பேர். அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது! பத்து ஆண்டுகளின் பின், 1974இல், அம்மீதி 75,000, 75,000 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. அண்ணன் ஒரு பங்கிலும் தங்கை மறு பங்கிலும் விழுந்தனர். தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் பலர் தாம் ஒருநாளும் கண்டிராத ‘தாயகத்தில்’, நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைச் செடியின் முன்னே நின்றனர். இங்கே தங்கியோரை 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்தும் விரட்டின. நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

விமானத்தை மாற்றிக் கட்டியபோது நம் மாணவியின் மேசையில் சக்கரங்கள் எஞ்சிக் கிடந்தன. அதனால் எவருக்கும் தீங்கில்லை. சக்கரம் அழுவதில்லை, பழைய இடத்தை நினைப்பதுமில்லை. 150,000 மனிதர் ‘எஞ்சிக் கிடப்பது’ அத்தகையதா? ஒப்பந்தம் எழுதியோரின் பிழை கணக்கில் இல்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருந்தன. உருவம் மாற்றத்தக்கவை எவை, உருவம் அமைப்போர் யார் என்ற வேறுபாட்டை அவர்கள் பாராட்டவில்லை. மனிதன் வரைபடத்தின் துண்டு ஆகான். அவன் வரைகின்ற கை. அக்கையிலிருந்து எழுதுகோலைப் பறித்து, அவனையே மேசைமேல் அடுக்கிய செயலுக்கே அநீதி என்று பெயர். இது நம் நாட்டோடு முடிந்த கதையும் அன்று. மெக்கானோவைச் செய்த லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டபோது, பிள்ளைகள் விரும்பியபடி கட்டுவதற்குக் கோடிக்கணக்கான துண்டுகளைச் செய்து கொடுத்த தொழிலாளரிடம் அத்தொழிற்சாலையின் வருங்காலத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அவர்கள் வெளியேற மறுத்து ஆலைக்குள்ளேயே தங்கிப் போராடினர்.

ஆகவே நம் முதற் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். சிறுவன் விமானத்தைக் கழற்றியது கெடுத்தல் ஆகாது. உலகில் உள்ள உருவங்கள் எவையும் தாமாக விளைந்தவை அல்ல, மனிதர் செய்தவை, மனிதரால் மாற்றத்தக்கவை என்ற மெய்யறிவின் அரிச்சுவடியை அவன் கற்கின்றான். 10 அடிக்கு 12 அடி லயத்து அறையும் ஒருவர் வரைந்த படமே. அது மலையைப்போல் இயற்கையாய் முளைத்தது அன்று. பிள்ளைகள் பெருகவே, அவ்வறையின் தாழ்வாரத்தைத் தகரத்தால் அடைத்து அடுப்படி ஆக்கிக்கொண்ட நம் தாய்மார், எந்தப் பொறியியற் கல்லூரியிலும் பயிலாமலே வரைபடத்தைத் திருத்தியவர்கள். ஆனால் நிலம் தமதாகாதவரை அத்திருத்தம் தயவில் நிற்கும் திருத்தம். துரையின் ஒரு சொல்லில் பிரிந்துவிடும்.

2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். அந்நடையின் பின்னும் வீடு, காணி, கல்வி ஆகியவற்றுக்கான திட்டங்கள் புதிது புதிதாக வரையப்பட்டு வருகின்றன. வரைவோர் நல்லெண்ணம் உடையோராகவே இருக்கலாம். எனினும் நாம் கேட்கவேண்டியது ஒன்றே. அடுப்பு எந்தப் பக்கம் இருக்கவேண்டும், மழை எந்தத் திசையிலிருந்து அடிக்கும், எந்தச் சரிவு இடியும் என்பதை அங்கே வாழும் பெண்ணைக் கேட்டா கோடு போடப்பட்டது? அவள் கையும் படாத வரைபடம் எவ்வளவு அழகியதாயினும் பழைய தகரச் சீட்டின் புதிய பதிப்பே ஆகும்.

ஆசிரியத் தோழர்களே, நம் மாணாக்கர் கையில் திருப்புளியைக் கொடுப்போம். நூலில் உள்ளபடி கட்டக் கற்பிப்போம். பின்பு அதைக் கழற்றவும் விடுவோம். கழற்றியவனை அதட்டுமுன், புதிய உருவம் யாருக்காக என்று கேட்போம். அக்கேள்விக்கு நேரான விடை சொல்லப் பழகிய தலைமுறை, தன்னை எவரும் எண்ணிட்டு அடுக்க இனி இடங்கொடாது.